மீன் இருக்கிற தொட்டியில் பவளத்துக்குத் தனியாகத் தீனி வேண்டுமா?

மார்ச் 2, இரவு 9.40 (கேள்வி)

200 லிட்டர் தொட்டி, கீழே 40 லிட்டர் சம்ப் (வடிகட்டுற துணைத்தொட்டி). மீன்ல ரெண்டு க்ளவுன், ஒரு ராயல் கிராமா, ஒரு சிக்ஸ்லைன் ராஸ், ஒரு கோபி. க்ளீனர் இறால் ரெண்டு. பவளத்துல டங்கன் ஏழெட்டுத் தலை, டார்ச் மூணு தலை, மணல்ல ஒரு பிரெய்ன், கொஞ்சம் ஜோவா. போன வாரம் ஒரு சன் கோரல் வந்திருக்கு. டங்கன் மேல மிசிஸ் (உறைய வெச்ச குட்டி இறால் தீனி) வெச்சா உடனே பிடிக்குது. அஞ்சு நிமிஷத்துல இறால் வந்து வாய்க்குள்ளயே கையை விட்டு இழுத்துட்டுப் போயிடுது. கடைக்காரர் "லைட்டே போதும், தீனி வேண்டாம்"ங்கிறார். இன்னொருத்தர் வாரம் மூணு நாள் பவுடர் போடச் சொல்றார். எது சரி அண்ணா? நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.02, ரெண்டும் பிபிஎம்ல (பத்து லட்சத்துல ஒரு பங்கு).

மார்ச் 2, இரவு 11.10

கடைக்காரர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியிலும் உங்கள் சன் கோரல் சேராது.

ஒளியை நம்பி வாழும் பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்ற ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது. பகலில் அது சமைக்கும் சர்க்கரை, கிளிசரால், கொழுப்பு எல்லாவற்றிலும் பெரும்பங்கு பவளத்துக்குத்தான் போகிறது. வெளிச்சம் சரியாக இருந்தால் அன்றாடப் பாட்டுக்கான ஆற்றல் முழுவதும் அதிலேயே கிடைத்துவிடும். ஆனால் வெறும் சர்க்கரையில் சதை வளராது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். அவை இரையாக வர வேண்டும், அல்லது தண்ணீரில் கரைந்து வர வேண்டும்.

இங்கேதான் மீன் வருகிறது. நீங்கள் மீனுக்குப் போடும் தீனி, செவுள் வழியாக அம்மோனியாவாகவும் பின்னால் கழிவாகவும் பவளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நைட்ரேட்டைவிட அம்மோனியத்தைப் பவளம் சுலபமாக எடுத்துக்கொள்ளும். மீன் கழிவு டங்கன் மேல் விழுந்தால் பாருங்கள், பிடித்து விழுங்கும். கரீபியனில் செயின்ட் குரோய் தீவருகே நடந்த ஓர் ஆய்வு 1983இல் வெளியானது. கிரண்ட் மீன்கள் இரவில் கடற்புல் வெளியில் மேய்ந்துவிட்டுப் பகலில் பவளத்தலைகளுக்கு மேல் கூட்டமாக வந்து தங்கும். அப்படி மீன் தங்கிய பவளங்கள், தங்காதவற்றைவிட வேகமாக வளர்ந்தன.

ஆகவே உங்கள் தொட்டியில் ஜோவாவுக்குத் தனித்தீனி தேவையில்லை. டார்ச்சுக்கும் கட்டாயமில்லை. டங்கனும் பிரெய்னும் கொடுத்தால் கண்கூடாக வளரும், கொடுக்காவிட்டால் சாகாது. சன் கோரலுக்குள் பாசியே கிடையாது, ஊட்டாவிட்டால் சில மாதங்களில் அது எலும்பாகிவிடும். ஒரே தொட்டிக்குள் நாலு விதமான பசி இருக்கிறது. "எல்லாத்துக்கும் பவுடர்" என்ற யோசனை தப்புவது இதனால்தான்.

மார்ச் 3, காலை 6.30

ராத்திரி படிகளை எழுதாமல் விட்டுவிட்டேன்.

முதலில் மீனுக்கு அன்றைய தீனியை முழுதாகப் போடுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். மீன் வயிறு நிறைவதோடு, தீனி வாசனை தண்ணீரில் பரவிப் பவளமும் விழித்துக்கொள்ளும். டங்கனின் உணரிழைகள் உப்பி நுனி வளையும். பிரெய்னின் ஓரத்தில் பகலில் மறைந்திருக்கும் குட்டி இழைகள் எட்டிப்பார்க்கும். அவை வெளியே வராத பவளத்துக்கு ஊட்டாதீர்கள். மேலே வைத்த இரை சும்மா கிடந்து அழுகும்.

அந்த நேரத்தில் உறைந்த மிசிஸ் அரைக் கட்டியை 50 மில்லி தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஆர்ட்டீமியா (பொடி உப்புநீர் இறால்) வலையில் வடித்துக்கொள்ளுங்கள். 20 மில்லி சிரிஞ்சு ஒன்றில் 30 செ.மீ. கெட்டியான ஏர்லைன் குழாயைச் சொருகினால் போதும், தனியாகக் கருவி வாங்க வேண்டாம். ஊசி வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. குழாய் நுனியைச் சாய்வாக வெட்டினால் மிசிஸ் அடைக்காது.

எல்லாப் பம்பையும் அரை மணி நிறுத்துங்கள். இரையை வாய்க்குள் திணிக்க வேண்டாம், உணரிழை மேல் மெதுவாக விழவிடுங்கள். கொட்டணுக்கள் (இழையிலுள்ள கொட்டும் செல்கள்) சுட்டுப் பிடித்துக்கொள்ளும், மீதியை இழைகளே பார்த்துக்கொள்ளும். டங்கனுக்குத் தலைக்கு இரண்டு மிசிஸ், பிரெய்னுக்கு நான்கைந்து. வாரம் இரண்டு நாள் போதும்.

மார்ச் 3, மாலை 7.05

காலையில் எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். அரை மணி அதிகம், 15 நிமிடம் போதும். டங்கன் ஒரு மிசிஸை விழுங்கப் பத்து நிமிடம் எடுக்கும். பிரெய்ன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், ஆனால் அதன் வாய் இரையை மூடியபின் மெல்லிய ஓட்டம் அதைப் பிடுங்கிப் போகாது. இன்னொரு காரணம் ஆக்சிஜன். மேற்பரப்பு அசையாமல், வயிறு நிறைந்த மீன்கள் இருக்கும் தொட்டியில் அது சீக்கிரம் குறையும். கோடையில் தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டினால் கரையும் ஆக்சிஜனே குறைவு.

பம்பை நிறுத்துவதில் மூன்று இடங்களில் சறுக்கும். ரிட்டர்ன் பம்ப் (சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது) நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் சம்புக்கு இறங்கும், அதற்கு இடம் இருக்கிறதா என்று ஒரு தடவை நின்று பாருங்கள். சம்ப் மட்டம் ஏறியதும் ஸ்கிம்மர் (நுரையில் அழுக்கைப் பிரிக்கும் கருவி) பொங்கிக் கோப்பை நிரம்பும், ஆகவே முதலில் அணைக்க வேண்டியது ஸ்கிம்மர். மூன்றாவது பலரும் கவனிக்காதது. பம்பைத் திரும்பப் போட்டதும் மேல்தொட்டி நிரம்பும்வரை ரிட்டர்ன் அறையில் மட்டம் சட்டென்று இறங்கும். ஆட்டோ டாப்-ஆஃப் (ஆவியாகும் தண்ணீரைத் தானே ஈடுசெய்யும் கருவி) அதை ஆவியான தண்ணீர் என்று நினைத்து நல்ல தண்ணீரை ஊற்றிவிடும். வாரத்துக்கு நாலு தடவை நடந்தால் உப்பளவு (ஒப்படர்த்தி) 1.025இலிருந்து கீழே இறங்கிவிடும், காரணம் பிடிபடாது. அதையும் அணைத்து வையுங்கள். ரிட்டர்ன் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

மார்ச் 5, இரவு 8.20 (கேட்டவர்)

மீன் ஒதுங்கிடுச்சு அண்ணா. ஆனா இறால் ரெண்டும் நேரா டங்கன் மேல ஏறி உக்காந்துட்டு அசைய மாட்டேங்குது. ஒரு தலை கிழிஞ்ச மாதிரி இருக்கு.

மார்ச் 5, இரவு 9.00

கிழிந்த தலைக்கு ஒரு வாரம் இரை வேண்டாம். தானே ஆறிவிடும்.

இறால் நுழையாமல் பவளத்துக்கு மூடி போட வேண்டியதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி எடுங்கள். வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், அப்படியே வைத்தால் சதையை அறுக்கும். ஏர்லைன் குழாயை நீளவாக்கில் கீறி விளிம்பு முழுக்கச் சொருகிவிடுங்கள். கழுத்திலுள்ள திருகுமூடியைக் கழற்றிவிட்டுப் பவளத்தின் மேல் கவிழ்த்தால், பாட்டில் கழுத்து வழியாகவே சிரிஞ்சு இறங்கும். விளிம்பு பாறையில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் அந்த இடுக்கில் இறால் நுழையும், அங்கே சின்னக் கல் ஒன்றை வையுங்கள். 30 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் மாறாது. அந்தத் திருகுமூடியை மட்டும் எக்காரணத்துக்கும் போடாதீர்கள்.

முன்னேற்பாடாக இறாலுக்கு மூழ்கும் பெல்லட் தலைக்கு ஒன்று, எதிர்மூலையில். பெரியதாக, கெட்டியாக இருக்கும் பெல்லட்டைப் பாருங்கள். அது கரையும்வரை இறால் கையில் வைத்துக் கொறித்துக்கொண்டிருக்கும்.

மணலில் இருக்கும் பிரெய்னுக்கு வேறொரு திருடன் உண்டு. நசாரியஸ் நத்தை வைத்திருந்தால், தீனி வாசனை பட்ட சில நொடிகளில் மணலுக்குள்ளிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு கிளம்பும், பவளத்தின் மேலேயே ஏறும். துறவி நண்டும் அப்படித்தான். பிரெய்னை மணலிலிருந்து ஒரு தட்டைக் கல்மேல் தூக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மார்ச் 6, காலை 10.15

சன் கோரல் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதற்குத்தான் அவசரம்.

கடையிலிருந்து வரும் சன் கோரல் பெரும்பாலும் பட்டினியோடு வரும். பாலிப்கள் (ஒவ்வொன்றும் ஒரு வாயும் இழைகளும் உள்ள தலை) மூடியே இருக்கும். "மூடியிருக்கு, அதனால் ஊட்ட முடியல, ஊட்டாததால மூடியிருக்கு" என்ற சுழலில் அது மெலியும். பாலிப்களுக்கு நடுவே உள்ள ஆரஞ்சுச் சதை மெலிந்து வெள்ளை எலும்பு தெரியத் தொடங்கினால் அது பட்டினியின் அடையாளம்.

திறக்க வைக்கும் வழி: விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய 3 லிட்டர் டப்பாவில் அதை எடுத்து வையுங்கள். தூக்கும்போது பாலிப்களைத் தொடாமல் அடிக்கல்லைப் பிடியுங்கள். மிசிஸ் கரைத்து வடித்த தண்ணீர் இருக்கிறதே, கீழே கொட்டாமல் அதில் 5 மில்லி விடுங்கள். 20, 30 நிமிடம் காத்திருங்கள். சில பாலிப்கள் மஞ்சள் நுனி காட்டும். நுனி காட்டியதற்கு மட்டும் ஒரு சின்ன மிசிஸ், அல்லது சைக்ளாப்ஸ் (மிசிஸைவிடப் பொடியான நீருயிர்). முதல்நாள் நாலு பாலிப் தின்றாலே வெற்றி. டப்பாவில் இறாலும் மீனும் இல்லை, ஆகவே அவசரப்பட வேண்டாம். தண்ணீர் மட்டும் குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவைச் சம்பில் மிதக்கவிட்டால் வெப்பம் மாறாது.

முடிந்ததும் டப்பாத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அதில்தான் மீதிக் கொழுப்பும் அழுக்கும் இருக்கும்.

தினமும் அதே நேரத்தில் ஒரு வாரம் செய்யுங்கள். நேரத்தைப் பழகிக்கொள்ளும். பிறகு தொட்டிக்குள்ளேயே பாட்டில் மூடியோடு ஊட்டலாம், வாரம் மூன்று நாள், பாலிப்புக்கு ஒன்றிரண்டு மிசிஸ்.

மார்ச் 6, பிற்பகல் 3.30

ஒரு பாலிப் தின்றது பக்கத்துப் பாலிப்புக்குப் போகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நடுச்சதை ஆரோக்கியமாக இருந்தால் கொஞ்சம் போகும். சதை விட்டுப்போன இடத்தில் போகாது. ஒவ்வொன்றும் தனித்தீவு, தனித்தனியாகத்தான் ஊட்ட வேண்டும். அதனால்தான் மெலிந்த சன் கோரலுக்கு வேலை அதிகம்.

மார்ச் 9, இரவு 10.00

சன் கோரலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. நாம் இவ்வளவு பாடுபட்டு உயிரோடு வைத்திருக்கும் இந்த இனம், டுபாஸ்ட்ரியா, மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணற்று மேடைக் கால்களிலும் பிரேசில் கரைப் பாறைகளிலும் வந்தேறியாகப் பரவி உள்ளூர் உயிர்களை நெருக்குகிறது. அதன் சொந்த ஊர் இந்திய-பசிபிக் கடல். வெளிச்சமே தேவையில்லை, ஓயாமல் பிளாங்க்டன் (மிதவை உயிர்கள்) ஓடிக்கொண்டிருந்தால் போதும். வீட்டுத் தொட்டியில் வெளிச்சம் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அந்த ஓட்டத்தை மட்டும் கொடுக்க முடியாது. நாள்முழுக்கத் துளித்துளியாக வர வேண்டிய இரையைச் சிரிஞ்சில் அடைத்து வாரம் மூன்று முறை தருகிறோம்.

இதையே வண்ண மென்பவளம் டென்ட்ரோநெப்தியாவுக்கும் யோசித்துப் பாருங்கள். அது தின்பது பெரும்பாலும் தாவர மிதவைகள், கண்ணுக்கே தெரியாத அளவு. செங்கடலில் அதை ஆராய்ந்து 1995இல் எழுதினார்கள். சிரிஞ்சால் ஊட்டவே முடியாது. அழகுக்காக யாரும் அதை வாங்க வேண்டாம். கடைத்தொட்டியிலிருந்து எடுக்கும்போதே அதன் நாட்கள் எண்ணப்பட்டுவிடும்.

மார்ச் 10, மாலை 6.40

பவுடர் விஷயம். ரீஃப்-ராய்ட்ஸ் மாதிரியான பவுடர்கள் கெட்டவை அல்ல. கோனியோபோரா, அக்ரோபோரா போன்ற சின்ன வாய்களுக்கு மிசிஸ் நுழையாது, அவற்றுக்கு இதுதான் அளவு. அந்தக் காலத்தில் கோனியோபோரா வாங்கினால் ஒரு வருடம் தாங்காது என்பார்கள். இன்று நன்றாக வைத்திருப்பவர்கள் நுண்தீனியை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள்.

உங்கள் 200 லிட்டருக்கு வாரம் ஒரு முறை அரைக்கால் டீஸ்பூன். அதற்கு மேல் வேண்டாம். 30 மில்லி தொட்டித் தண்ணீரில் குழைத்து இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். ஊறாத பவுடர் மேலே மிதந்து நேராக ஓவர்ஃப்ளோவுக்குள் (தண்ணீர் சம்புக்கு வழியும் வாய்) போகும். சிரிஞ்சு நுனியை ஐந்து செ.மீ. தள்ளி, ஓட்டம் வரும் பக்கத்தில் வைத்துப் புகைபோல விடுங்கள். பாலிப் மேல் நேராகப் பீய்ச்சினால் மூடிக்கொள்ளும்.

இந்த இடத்தில் 3ஆம் தேதி எழுதிய "எல்லாப் பம்பையும் நிறுத்துங்கள்" பொருந்தாது. அது பெரிய பாலிப்புக்கு மட்டும். நுண்தீனிக்கு ரிட்டர்னையும் ஸ்கிம்மரையும் நிறுத்திவிட்டு வேவ்மேக்கரை (தொட்டிக்குள் ஓட்டம் உண்டாக்கும் பம்ப்) மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். ஓட்டமே இல்லாவிட்டால் தூள் மணலில் படியும், ஓட்டம் இருந்தால் அதே தூள் நாலைந்து தடவை பவளத்தைக் கடக்கும். பம்ப் நின்ற தொட்டியில் அக்ரோபோராவுக்குப் பவுடர் போடுவது மணலுக்கு உரம் போடுவதுதான்.

ஸ்கிம்மரைத் திரும்பப் போட்டதும் எண்ணெய்ப் பசையால் நுரை எழும்பாது. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டென்று பொங்கும். பவுடர் நாளில் ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். கோப்பையை ஒரு செ.மீ. உயர்த்தி வையுங்கள்.

மார்ச் 14, இரவு 9.50 (கேட்டவர்)

டார்ச்சுக்கும் ஆசையா ஒரு முழு இறால் துண்டு குடுத்தேன். பிடிச்சுது, விழுங்குச்சு. காலைல பார்த்தா பக்கத்துல வெள்ளையா கிடக்கு. இன்னொரு தலைலேர்ந்து பழுப்பு நூல் மாதிரி வருது. நோயா?

மார்ச் 14, இரவு 10.30

இரண்டும் வேறு வேறு. வெள்ளையாகக் கிடப்பது அது கக்கியது. துண்டு பெரிதாக இருந்தால் பவளத்தின் வயிறு அதைச் செரிப்பதற்குள் துண்டின் உட்புறம் கெடத் தொடங்கிவிடும், வெளியே தள்ளிவிடும். விழுங்கவும் கக்கவும் செலவான ஆற்றல் வீண். வாயைவிடச் சிறியது என்பது மட்டும் அளவல்ல. டார்ச்சுக்கு உளுந்தம்பருப்பு அளவுக்கு மேல் வேண்டாம்.

பழுப்பு நூல் கழிவு. பவளத்துக்கு வாய் ஒன்றுதான், போவதும் வருவதும் அதே வழி. தின்ற மறுநாள் பழுப்புச் சளி நூலாக வருவது இயல்பு.

கவலைப்பட வேண்டியது மூன்றாவது ஒன்று: சதைமேலேயே பழுப்பு ஜெல்லி மாதிரி திரண்டு, அடியில் சதை கரைந்து, வெளியே எடுத்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். அது வந்தால் ஊட்டுவதை விட்டுவிட்டு, பம்பை நிறுத்தி, அந்த ஜெல்லியைக் குழாயால் உறிஞ்சி வெளியே கொட்டுங்கள். ஊதி விரட்டாதீர்கள், பக்கத்துத் தலைக்கு ஒட்டும். கெட்ட தலையைக் கிளையோடு வெட்டி எடுத்துவிடுவது நல்லது.

மார்ச் 15, காலை 7.20

நேற்று எழுதியபின் டார்ச்சைப் பற்றி மறுபடி யோசித்தேன். அதற்கு ஊட்டவே வேண்டாம் என்பதுதான் இப்போது என் கருத்து. நீளமான இழைகள், எப்போதும் விரித்தே வைத்திருக்கும். மீனுக்குப் போடும் தீனியில் தப்பி வருவது, கழிவு, தண்ணீரில் கரைந்தது எல்லாம் அதற்குத் தாராளம். ஊட்டிய டார்ச்சுக்கும் ஊட்டாத டார்ச்சுக்கும் ஒரே தொட்டியில் தலை பிரியும் வேகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரிவதில்லை. டங்கனில் கண்கூடாகத் தெரியும். உழைப்பை டங்கனுக்கும் சன் கோரலுக்கும் வையுங்கள்.

க்ளவுன் மீன் சில சமயம் தானே ஒரு துண்டைக் கொண்டுபோய் டார்ச்சுக்குள் செருகும். அது போதும்.

மார்ச் 15, இரவு 8.45

பாஸ்பேட். கேள்வியிலேயே 0.02 என்று சொல்லியிருந்தார், அதைக் கவனிக்காமல் போய்விட்டோம். நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.02 என்றால் தொட்டி பசியில் இருக்கிறது. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை வசதியான இடம். இரண்டும் பூஜ்யமானால் பவளம் வெளிறும். அதோடு டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புக் கோழை, காற்றுக் குமிழிகளோடு மணலை மூடும். அதை விரட்டுவது, அதிகமான பாஸ்பேட்டைக் குறைப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

ஆகவே முதல் மருந்து பவளத் தீனி அல்ல. மீனுக்கு ஒரு வேளையாகப் போடுவதை இரண்டு வேளையாக்கி, மொத்த அளவைக் கால்பங்கு கூட்டுங்கள். இரண்டு வாரம் கழித்துச் சோதியுங்கள்.

சோதனைக்கு ஹன்னா செக்கர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் ஒரு வகை பாஸ்பரஸை பிபிபியில் (நூறு கோடியில் ஒரு பங்கு) காட்டும், பாஸ்பேட்டை அல்ல. அந்த எண்ணை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம். 10 என்று காட்டினால் 0.03. "பத்தா!" என்று பயந்து ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புக் குருணை) போட்டுப் பூஜ்யமாக்கியவர்கள் உண்டு.

உறைந்த தீனியைக் கழுவினால் பாஸ்பேட் போய்விடும் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பாஸ்பரஸ் பெரும்பாலும் சதைக்குள் இருக்கிறது, கழுவும்போது போவது சாறு மட்டும். நான் வடிக்கச் சொன்னது சிரிஞ்சில் தூள் கலங்காமல் இருக்க.

மார்ச் 19, மாலை 5.30

வெளிறிய பிரெய்ன் படம் ஒன்று வந்திருக்கிறது, இன்னொருவருடையது. புது விளக்கை முழு வேகத்தில் போட்டிருக்கிறார். பாசி வெளியேறிவிட்டது, ஆனால் சதை இருக்கிறது.

இந்த நிலையில்தான் ஊட்டுவது உயிர்காக்கும். ஹவாயில் மான்டிபோரா கேபிடாட்டா என்ற பவளத்தை வெளிறச் செய்து பார்த்தார்கள். அது இரை பிடிப்பதைப் பலமடங்கு கூட்டிக்கொண்டு, தன் அன்றாட ஆற்றல் முழுவதையும் இரையிலிருந்தே ஈட்டியது. பக்கத்திலிருந்த போரைட்டிஸ் இனங்களால் அது முடியவில்லை. 2006இல் வெளியான ஆய்வு. வெளிறிய எல்லாப் பவளத்தையும் ஊட்டிக் காப்பாற்றிவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. சதைப்பற்றுள்ள பிரெய்னுக்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

விளக்கைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது பவளத்தை நிழலுக்கு மாற்றுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், இரவில், பொடியாக நறுக்கிய மிசிஸ் இரண்டு மூன்று. பலவீனமான பவளம் மெதுவாக விழுங்கும், பாட்டில் மூடி கட்டாயம். நிறம் திரும்ப மாதக் கணக்கில் ஆகும், அதுவரை விளக்கைத் தொடாதீர்கள்.

மார்ச் 22, இரவு 11.30

"பவளம் விலங்குதானே, பிறகு ஏன் வெளிச்சம்" என்று ஒருவர் கேட்டார். இந்தச் சண்டை நம்முடையதைவிடப் பழையது. 1928-29இல் கிரேட் பேரியர் ரீஃபின் லோ தீவுகளில் ஓராண்டு தங்கிப் பவளம் தின்பதை ஆராய்ந்த மாரிஸ் யாங், பவளம் முழு ஊனுண்ணி என்றார். பாசி அதற்குச் சோறு தருவதில்லை, கழிவை அகற்றித்தான் உதவுகிறது என்பது அவர் முடிவு. பாசி கிளிசராலை வெளியே விடுகிறது என்பதை லெனார்ட் மஸ்கட்டைன் 1967இல் காட்டினார். யாங் பார்த்ததும் பொய்யில்லை. அவர் கொடுத்த இரையைப் பவளம் உண்மையிலேயே ஆவலாகத்தான் தின்றது. தின்பதால் மட்டுமே வாழ்கிறது என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. இன்று "லைட்டே போதும்" என்பவர்கள் அதே தவறை எதிர்ப்பக்கத்திலிருந்து செய்கிறார்கள்.

மார்ச் 23, காலை 8.00

இரவில் ஊட்டுவதா பகலிலா? பழகாத பவளத்துக்கு இரவு. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள், பகலில் மூடியிருந்த பாதிப் பேர் விரித்திருப்பார்கள். சிக்ஸ்லைன் தூங்கியிருக்கும், அது ஒரு லாபம். இறால் விழித்திருக்கும், அது நஷ்டம். முள்புழுவும் கிளம்பும்.

பகலில் ஊட்டப் பழகியவை பகலிலேயே திறக்கும். மீன் தீனி நேரத்தோடு சேர்த்துவிட்டால் உங்களுக்கும் வசதி.

மார்ச் 27, இரவு 9.15

ஆர்ட்டீமியாக் குஞ்சு பொரிப்பது கேட்டிருந்தீர்கள். கவிழ்த்த பெட் பாட்டில், ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, 28 டிகிரி, அடியிலிருந்து வேகமான காற்று, மேலே விளக்கு. முட்டை ஒரு கிராம் போதும். 24 மணி நேரத்தில் பொரிந்திருக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரியாதது அடியில் தங்கும், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி வரும். பாட்டிலின் கீழ்ப்பகுதிக்கு அருகே பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து அங்கிருந்து குழாயால் எடுத்து, 120 மைக்ரான் வலையில் வடித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

பொரிந்த முதல் சில மணி நேரம்தான் வயிற்றில் மஞ்சள்கரு இருக்கும், அதற்குள் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் வெறும் ஓட்டைத்தான் ஊட்டுகிறோம். அளவு அரை மில்லிமீட்டருக்கும் கீழே, ஆகவே ஜோவா, சின்ன டங்கன் தலை, மெலிந்த சன் கோரல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஓடு கலந்தால் பவளம் பிடித்துவிட்டுக் கக்கும், மீனுக்கும் குடல் அடைக்கும்.

ஏப்ரல் 2, காலை 9.40

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போகும்போது ஒரு துண்டு எடுத்து வரலாமா என்று தனிச்செய்தியில் ஒரு கேள்வி. பதிலை எல்லோரும் பார்க்கட்டும். கூடாது. கல்பவளம் அனைத்தும் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரை ஒதுங்கிய செத்த துண்டுக்கும் அதே சட்டம்தான். மன்னார் வளைகுடாப் பவளம் ஏற்கெனவே சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டும், சூட்டில் வெளிறியும் அடிபட்டது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டை, சைட்டிஸ் (அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) தாள் உள்ள கடையில் வாங்குங்கள். அது தொட்டித் தீனிக்கும் பழகியிருக்கும்.

ஏப்ரல் 11, இரவு 9.05 (கேட்டவர்)

சன் கோரல் இப்ப சாயங்காலம் ஏழு மணிக்குத் தானா திறக்குது அண்ணா. இருபத்தி ரெண்டு பாலிப்ல பத்தொன்பது சாப்பிடுது. டங்கன்ல ரெண்டு குட்டித் தலை. நைட்ரேட் 6, பாஸ்பேட் 0.06. சன் கோரல் பக்கத்துப் பாறைல ஆரஞ்சுப் புள்ளி நாலஞ்சு ஒட்டியிருக்கு, அது என்ன?

ஏப்ரல் 11, இரவு 9.30

குட்டிகள், தம்பி! தாய் விட்ட லார்வா பாறையில் ஒட்டியிருக்கிறது. மிசிஸ் அவற்றுக்குப் பெரிது. பொரித்த ஆர்ட்டீமியாவை வாரம் மூன்று நாள், பாட்டில் மூடிக்குள் ஒரு மில்லி. பாறையைத் தேய்க்கும்போது அந்தப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தின்னாத மூன்று பாலிப்களைச் சுற்றி எலும்பு தெரிகிறதா? தெரிந்தால் அங்கே பாசி ஏறும்முன் டப்பா முறையில் அந்த மூன்றுக்கு மட்டும் தனியாகக் கொடுத்துப் பாருங்கள், சைக்ளாப்ஸ் அளவிலிருந்து தொடங்கி. பாஸ்பேட் 0.1ஐத் தொட்டால் முதலில் பவுடரை நிறுத்துங்கள். மீன் தீனியைக் குறைக்காதீர்கள்.